மானிட்டர் துடைக்க எந்தத் துணி?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பிராசசர் என்ன, ரேம் எவ்வளவு, யூபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும் என்று பத்து பேரிடம் விசாரிக்கிறார்கள். திரையை எதைக் கொண்டு துடைக்க வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வாங்கிய ஒரு வாரத்தில் திரையில் தூசி படிகிறது. கைக்கு எட்டிய துணியை எடுத்து, எச்சில் படுகிற மாதிரி ஊதி, அழுத்தித் துடைத்து விடுகிறார்கள். சர்வீஸுக்காக தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் வீடுகளுக்குப் போகும்போது இப்படிப்பட்ட மானிட்டர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். உள்ளே எல்லாம் நன்றாக இருக்கும். திரையில் மட்டும் மெல்லிய கீறல்களும் வெள்ளைத் திட்டுகளும் நிரந்தரமாகத் தங்கியிருக்கும்.

ஹார்ட் டிஸ்க் போனால் வேறு போடலாம். கீபோர்டு, மவுஸ் போனால் கவலையே இல்லை. திரையின் மேற்பூச்சு போனால் பேனலையே மாற்ற வேண்டும். அந்தச் செலவில் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புது மானிட்டரே வந்து விடும். பொதுவாக கீறல் வாரண்டியிலும் சேராது. எனவே சில பத்து ரூபாய் துணியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவது தவறில்லை என்று நினைக்கிறேன்.

பழைய திரை வேறு, இன்றைய திரை வேறு

முன்பு நம் வீடுகளில் இருந்த பெட்டி போன்ற சிஆர்டி மானிட்டரின் முன்பக்கம் தடித்த கண்ணாடி. ஜன்னல் கண்ணாடியைத் துடைப்பது போல எதைக் கொண்டு துடைத்தாலும் பெரும்பாலும் தாங்கிக் கொண்டது. அந்தப் பழக்கத்திலேயே எல்சிடி மானிட்டரையும் துடைக்கிறோம். அங்கேதான் சிக்கல்.

எல்சிடி மானிட்டரிலும் பெரும்பாலான லேப்டாப்களிலும் நம் விரல் படுகிற மேல் அடுக்கு கண்ணாடி அல்ல. அது போலரைசர் என்ற பிளாஸ்டிக் படலம். அதன் மேல், வெளிச்சம் பட்டுக் கூசாமல் இருக்க சொரசொரப்பான மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். சில மானிட்டர்களின் விவரக் குறிப்பில் 3 எச் என்று போட்டிருப்பதைக் கவனித்திருக்கலாம். 3 எச் பென்சிலால் குறிப்பிட்ட எடை கொடுத்துக் கீறினாலும் தடம் விழாது என்பது அதன் பொருள். பென்சிலைத் தாங்கும், சரி. மணலைத் தாங்குமா?

நம் பகுதித் தூசி கொஞ்சம் கடினமானது. பரங்கிமலையிலிருந்து திரிசூலம், பல்லாவரம் வரை உள்ள குன்றுகள் சார்னோக்கைட் என்ற பாறையால் ஆனவை. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-ல் இந்தப் பாறைக்கு அந்தப் பெயரை வைத்தார். அந்தக் கல் நம் பல்லாவரம் பக்கத்துக் கல்தான். இந்தப் பாறையில் குவார்ட்ஸ் இருக்கிறது. ஆற்று மணலிலும் இருப்பது குவார்ட்ஸ்தான். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7 மதிப்பு. ஜன்னல் கண்ணாடிக்கு ஏறக்குறைய 5.5. பிளாஸ்டிக் இதற்கெல்லாம் மிகவும் கீழே. ஜிஎஸ்டி ரோட்டின் லாரிப் புழுதியும், தெருவுக்குத் தெரு எழும்பும் அடுக்குமாடிகளின் எம்-சாண்டும் உங்கள் மேஜை மேல் வந்து உட்காரும்போது, கண்ணாடியையே கீறக்கூடிய துகள்களும் அதில் சேர்ந்தே வருகின்றன.

ஆகவே திரையைக் கீறுவது பெரும்பாலும் துணி அல்ல. துணிக்கும் திரைக்கும் நடுவில் மாட்டிக் கொண்ட தூசி. நல்ல துணி என்பது தூசியைத் தனக்குள் இழுத்துக் கொள்ள வேண்டும், தன் பங்குக்குப் பிசிறு எதையும் விட்டு விட்டுப் போகவும் கூடாது.

பிசிறு எங்கிருந்து வருகிறது?

பருத்தி இழை ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம்தான். அத்தகைய துண்டு இழைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து முறுக்கித்தான் நூல் ஆக்குகிறார்கள். எனவே பருத்தி நூல் நெடுக இழைகளின் நுனிகள் வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். தேய்க்கும்போது இவை உடைந்தும் உருவியும் விழுகின்றன. பாலியஸ்டர் போன்ற செயற்கை இழையை எத்தனை கிலோமீட்டர் வேண்டுமானாலும் அறுபடாமல் இழுக்கலாம். நடுவில் நுனியே இல்லை என்றால் உதிர்வதற்கும் எதுவும் இல்லை. வெட்டிய ஓரத்தில் மட்டும்தான் பிசிறு வரும். மின்னணுத் தொழிற்சாலைகளின் கிளீன் ரூம்களில் துடைப்பதற்கு, ஓரங்களைச் சூட்டால் உருக்கி மூடிய பாலியஸ்டர் துணியைப் பயன்படுத்துவது இதனால்தான்.

இதை மனதில் வைத்துக் கொண்டு வீட்டில் இருக்கும் துணிகளைப் பார்ப்போம்.

தேங்காய்ப்பூ துண்டு வேண்டவே வேண்டாம். அதன் மேல் உள்ள வளையங்கள் தண்ணீரை உறிஞ்சுவதற்காக நெய்தவை. புதிதாக இருக்கும்போது பஞ்சைக் கொட்டும். பழசானால் நம் போர் தண்ணீரின் உப்பு ஏறி விறைத்துப் போகும். ஈரோடு பக்கத்து ஈரிழைத் துண்டு பரவாயில்லை என்றாலும் புதியது கஞ்சி வாசனையோடு இருக்கும். அந்தக் கஞ்சி திரையில் மாவு போலப் படியும்.

மெக்கானிக் கடைகளில் கை துடைக்க வைத்திருக்கும் பனியன் வேஸ்ட், திருப்பூர் ஆலைகளில் வெட்டி மீந்த துணி. கிலோ கணக்கில் கிடைக்கும். மிருதுவாகத்தான் இருக்கும். ஆனால் நான்கு பக்கமும் வெட்டிய ஓரம் என்பதால் பிசிறு நிச்சயம். சிபியுவின் வெளிப்புறத்தைத் துடைக்க வைத்துக் கொள்ளலாம். போட்டுக் கழித்த பழைய பனியனும் அப்படியே. தையலும் லேபிளும் இருந்தால் வெட்டி எறிந்து விடுங்கள்.

பருத்தியில் நான் சம்மதிப்பது ஒன்றுதான். வருடக் கணக்கில் துவைத்துத் துவைத்து மெலிந்து போன மல் வேட்டி. உதிர வேண்டிய இழை எல்லாம் ஏற்கெனவே உதிர்ந்து விட்டிருக்கும். அவசரத்துக்கு அதைப் பயன்படுத்தலாம். கரையை மட்டும் கிழித்து எடுத்து விட வேண்டும். ஜரிகை என்பது உலோகம் அல்லது உலோகப் பூச்சு உள்ள நூல். அது திரையில் பட்டால் கோடு விழும்.

கண்ணாடிக்கு நாளிதழ் நன்றாக வேலை செய்யும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நிலைக் கண்ணாடிக்கு உண்மை. பிளாஸ்டிக் திரைக்குப் பொருந்தாது. டிஷ்யூ பேப்பரும் மரக்கூழ்தான். மிருதுவாகத் தோன்றினாலும் தூள் தூளாக உதிரும். சில வீடுகளில் நிலைக் கண்ணாடியைத் திருநீறு போட்டுத் துலக்குகிற பழக்கம் உண்டு. கம்ப்யூட்டர் திரைக்கு அதைச் செய்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததற்குச் சமம்.

தோல் துணி ஒன்றும் உண்டு. ஷாமி என்று கார்க்காரர்கள் சொல்வார்கள். குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததே ஒரு தோல் தொழிற்சாலை, குரோம் லெதர் கம்பெனி. ஆனால் அசல் ஷாமி, குரோமில் பதப்படுத்தியது அல்ல. எண்ணெயில் பதப்படுத்தியது. ஈரக் கார் கண்ணாடிக்கு அருமையான பொருள். காய்ந்தால் அப்பளம் போல விறைக்கும். உலர்ந்த திரைக்கு உதவாது.

சுளை சுளையாகப் பிரியும் இழை

மீதி இருப்பது மைக்ரோஃபைபர். பெயரைக் கேட்டதும் எல்லாம் ஒன்று என்று நினைத்து விடாதீர்கள்.

ஓர் இழையை 9,000 மீட்டர் நீளத்துக்கு எடுத்து எடை போட்டால் 1 கிராம் வந்தால், அது 1 டெனியர். அதாவது தாம்பரத்தில் ரயில் ஏறி ஏறக்குறைய மீனம்பாக்கம் போகும் தூரத்துக்கு நீட்டிய இழை 1 கிராம்தான். அதைவிட மெல்லியதைத்தான் மைக்ரோஃபைபர் என்கிறார்கள். ஜப்பானின் தோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ என்ற விஞ்ஞானி 1970-ல் இத்தகைய நுண்ணிழைகளைக் கொண்டு செயற்கை சூயிட் துணி செய்தார். துடைக்கும் துணி எல்லாம் பிறகு வந்தது.

இப்போது கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலும் 80 சதவீதம் பாலியஸ்டர், 20 சதவீதம் பாலிஅமைடு. சிலவற்றில் 70, 30. பாலிஅமைடு என்றால் நைலான்தான். இரண்டையும் சேர்த்து ஒரே இழையாக இழுத்து, பிறகு அதைப் பிளக்கிறார்கள். சாத்துக்குடியைக் குறுக்கே வெட்டினால் தெரியும் சுளைகளைப் போல இழை பல ஆப்புகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு ஆப்புக்கும் கூரான விளிம்பு, விளிம்புகளுக்கு இடையே இடைவெளி. விரல் எண்ணெயைப் பாலியஸ்டர் பிடிக்கும். ஈரத்தை நைலான் பிடிக்கும். தூசி இடைவெளிக்குள் போய் உட்காரும். சாதாரண துணி தூசியை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளும். இது தூக்கி எடுத்து விடும்.

பிளக்காத இழையில் செய்த துணியும் அதே நிறத்தில், அதே மிருதுவாக, அதே பெயரில் விற்கிறது. இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. உலர்ந்த உள்ளங்கையால் துணியை மெதுவாகத் தடவிப் பாருங்கள். பிளந்த இழை தோலின் சொரசொரப்பில் லேசாக மாட்டி இழுக்கும். சிலருக்கு அந்த உணர்ச்சியே பிடிக்காது. வழுக்கிக் கொண்டு போனால் சந்தேகப்படுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு முறை அலசிக் காய வைத்து, மேஜையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் துணியால் ஒற்றி எடுங்கள். நல்ல துணி சொட்டை உடனே குடிக்கும். மட்டமானது சொட்டைத் தள்ளிக் கொண்டே போகும். அலசாமல் இந்தச் சோதனையைச் செய்தால், ஆலையில் போட்ட மேற்பூச்சு காரணமாக நல்ல துணியும் தோற்கலாம்.

பிசிறுக்கும் ஒரு சோதனை உண்டு. செல்லோ டேப்பை ஒரு சாண் வெட்டி, துணி மேல் ஒட்டி, உரித்து வெளிச்சத்தில் பாருங்கள். நூல் நூலாகத் தெரிந்தால் அது திரைக்கு வேண்டாம். கடையிலேயே பார்க்க வேண்டும் என்றால் உங்கள் செல்போனை அணைத்து, கறுத்த திரையில் அந்தத் துணியால் ஒரு முறை துடைத்துச் சாய்த்துப் பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் நினைக்க மாட்டார்.

கார் கடையில் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஜிஎஸ்டி ரோட்டிலும் வேளச்சேரி ரோட்டிலும் உள்ள கார் அலங்காரக் கடைகளில் கிடைக்கும் வகைகள் பல கம்ப்யூட்டர் கடைகளில் கிடைப்பதில்லை. கம்ப்யூட்டர் கடையில் பெரும்பாலும் சின்ன ஸ்பிரே பாட்டில், பிரஷ், கைக்குட்டை அளவுத் துணி மூன்றையும் சேர்த்து ஒரு கவரில் போட்டு விற்பார்கள். துணி எந்த ரகம் என்று கவரில் இருக்காது.

கார் கடையில் மூன்று விதம் பார்க்கலாம். பூனை முடி போல நீண்ட குஞ்சம் உள்ளது, வண்டியின் பெயின்டைப் பளபளப்பாக்க. தேன்கூடு போலக் கட்டம் கட்டமாக நெய்தது, தண்ணீரை ஒற்ற. மூன்றாவது, குஞ்சமே இல்லாமல் மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியைப் போல வழவழப்பாக, தட்டையாக இருப்பது. கார் கண்ணாடிக்கு என்று விற்கும் இந்த மூன்றாவதுதான் கம்ப்யூட்டர் திரைக்கும் ஏற்றது. இரவில் எதிர் வண்டியின் வெளிச்சம் பட்டால் முன் கண்ணாடியில் ஒரு பிசிறும் ஒரு கோடும்கூட பளிச்சென்று தெரியும் என்பதால், அந்தத் துணியைப் பிசிறு இல்லாமல்தான் செய்தாக வேண்டும்.

கவரில் ஜிஎஸ்எம் என்று ஓர் எண் இருக்கும். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்பது அது. திரைக்கு 200 முதல் 300 போதும். எண் அதிகமானால் நல்லது என்று கடைக்காரர் சொல்வார். அது வண்டியை உலர்த்துவதற்கு. எண் உண்மையா என்று வீட்டில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40-க்கு 40 சென்டிமீட்டர் துணி, 300 ஜிஎஸ்எம் என்றால் 48 கிராம் இருக்க வேண்டும். சமையலறைத் தராசு போதும்.

ஓரத்தையும் பாருங்கள். தடித்த நூலால் ஓவர்லாக் தைத்தது என்றால் அந்த நூல் கடினமாக இருக்கும். துணியை மடித்து ஓரம் உள்ளே போகும்படி பிடித்துக் கொண்டால் சமாளிக்கலாம். தையலே இல்லாமல் சூட்டால் வெட்டியது இன்னும் நல்லது. சலவைக் குறிப்பு லேபிளை முதல் நாளே வெட்டி விடுங்கள்.

கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடியோடு இலவசமாகத் தரும் துணியும் பொதுவாகத் திரைக்கு ஏற்ற ரகம்தான். லேப்டாப்புக்குப் போதும். 24 அங்குல மானிட்டர் என்றால் 53-க்கு 30 சென்டிமீட்டர். அதற்கு அந்தத் துணி சிறியது. சீக்கிரம் அழுக்காகி, அந்த அழுக்கையே திரும்பத் தேய்க்கும். இந்த இடத்தில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 2021 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ஒரு துடைக்கும் துணியை வெளியிட்டது. இந்தியாவில் விலை 1,900 ரூபாய். சொரசொரப்பான விசேஷக் கண்ணாடி போட்ட அவர்களின் சில திரைகளுக்கு அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறார்கள். அந்தத் திரை உங்களிடம் இல்லை என்றால் அந்தச் செலவும் இல்லை.

எப்படித் துடைப்பது?

முதலில் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி விடுங்கள். கறுப்புத் திரையில்தான் தூசி தெரியும். திரை ஆறட்டும். ரப்பர் பம்ப் இருந்தால் அதால் ஊதி, இல்லாவிட்டால் துணியை உதறி அழுத்தமே இல்லாமல் மேலிருந்து கீழே ஒரு முறை வருடி, மணலை இறக்குங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதிக் கீறல் வராது. பிறகு துணியை வேறு பக்கம் திருப்பி நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள்.

கறை போகவில்லை என்றால் துணியின் ஒரு மூலையை மட்டும் ஈரமாக்குங்கள். திரை மேல் நேராகத் தெளிக்கக் கூடாது. தண்ணீர் வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் போகும். பேனலின் மின்சுற்று பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. சேலையூரில் ஒரு வீட்டில் இப்படித் தெளித்த மறுநாள் மானிட்டரின் அடியில் நெடுக்குக் கோடுகள் வந்து விட்டன. பத்தாம் வகுப்புப் பையனின் பாடம் எல்லாம் அதில்தான் நடந்து கொண்டிருந்தது. கோடுகளோடு பரீட்சை வரை ஓட்டினார்கள்.

எந்தத் தண்ணீர்? போர் தண்ணீர் வேண்டாம். நம் தென்புறநகரில் பல இடங்களில் அது உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடின நீர். குழாயில் படியும் அதே வெள்ளை, திரையிலும் படியும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. கேட்கும்போது டிஸ்டில்டு வாட்டர் என்று தெளிவாகச் சொல்லி, லேபிளைப் படித்து வாங்குங்கள். அதே கடையில் பேட்டரி ஆசிட்டும் கேனில் இருக்கும்.

ஜன்னல் துடைக்கும் ஸ்பிரேக்களில் பலவற்றில் அம்மோனியா அல்லது வேறு கரைப்பான் உண்டு. திரைப் பூச்சுக்கு ஆகாது. 2020-ல் கொரோனா வந்தபோது எல்லோரும் கை சானிடைசரைத் திரையிலும் போட்டார்கள். சானிடைசரில் கை வறளாமல் இருக்க கிளிசரின் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். அது பிசுபிசுப்பாகத் தங்கி இன்னும் தூசியைப் பிடிக்கும். 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை உங்கள் மானிட்டரின் கையேடு அனுமதித்தால் மட்டும், துணியில் தொட்டுப் பயன்படுத்துங்கள்.

துணியையும் துவைக்க வேண்டும்

பலர் இதை விட்டு விடுகிறார்கள். பத்து முறை துடைத்த துணியில் பத்து முறை எடுத்த மணல் இருக்கிறது. கொஞ்சம் சோப்புத் தூள் போட்டு, தனியாக, கையால் அலசுங்கள். மற்ற பருத்தித் துணியோடு மெஷினில் போட்டால் அவற்றின் பிசிறை எல்லாம் இது பிடித்துக் கொள்ளும். பிடிப்பதுதானே இதன் வேலை. துணியை மிருதுவாக்கும் திரவம் கூடாது. அது இழைகளின் இடைவெளியை மூடி விடும். பிளீச்சும் வேண்டாம், இஸ்திரியும் வேண்டாம். சூட்டில் இழை உருகி, கண்ணுக்குத் தெரியாத முட்கள் போல ஆகும். ரோட்டுப் பக்க பால்கனியில் காயப் போடாமல் வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் போட்டு, காய்ந்ததும் ஒரு ஜிப் கவரில் வையுங்கள்.

காருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே துணி ஆகாது. கார் கண்ணாடியில் ரோட்டு மணலோடு பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் தூளும் ஒட்டியிருக்கும். அது துவைத்தாலும் முழுவதும் போகாது. வேறு வேறு நிறத்தில் வாங்கிக் கொண்டால் வீட்டில் மற்றவர்களும் மாற்றி எடுக்க மாட்டார்கள்.

ஆல் இன் ஒன் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் அதே துணியால் ஸ்கேனர் கண்ணாடியையும் துடைக்கலாம். மேலே தானாகப் பேப்பர் இழுக்கும் வசதி இருந்தால், பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடிப் பட்டை தனியாக இருக்கும். பேப்பர் அதன் மேல் நகர்ந்து போவதால், அங்கே ஒரே ஒரு பிசிறு ஒட்டியிருந்தாலும் பக்கத்தின் உச்சியிலிருந்து அடி வரை கறுப்புக் கோடு விழும். டோனர் போயிற்று, டிரம் போயிற்று என்று செலவு செய்வதற்கு முன் அந்தப் பட்டையை ஒரு முறை துடைத்துப் பாருங்கள்.